அந்தம்மா இன்னா சொல்ல வருதுன்னா...

நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் வராவிட்டால் எங்கள் பக்கத்தில் கிராம சபையே கூடாது. சோழவரம் ஒன்றியத்தில் நான் போன ஊராட்சிகளில் எல்லாம் பாயில் முன்வரிசை பிடித்து உட்கார்ந்திருப்பது அவர்கள்தான். ஆண்கள் பின்னால் பைக்கில் சாய்ந்தபடி நிற்பார்கள். தலையை எண்ணினால் அது பெண்கள் கூட்டம். பேச்சு மட்டும் பைக் நிற்கும் பக்கத்திலிருந்து வரும்.

ஒரு மே தினக் கூட்டத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா எழுந்தார். "எங்க தெருவுல கால்வா அடைச்சிகினு மூணு மாசமா நாத்தம் தாங்கல..." என்று ஆரம்பித்தார். அடுத்த வாக்கியத்துக்கு அவர் மூச்சு வாங்குவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "சார், அந்தம்மா இன்னா சொல்ல வருதுன்னா..." அதற்குப் பிறகு அந்த ஆள் பேசியது மெயின் ரோட்டுக்குத் தார் போடும் வேலையைப் பற்றி. கால்வாய் என்ற சொல்லே வரவில்லை. கிளார்க் மினிட் புக்கில் எழுதியது அவர் பெயரையும் ரோட்டையும். அந்த அம்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். பிறகு அந்த அம்மாவிடம் ஏன் உட்கார்ந்துவிட்டீர்கள் என்று கேட்டேன். "வுடும்மா, அதான் அவரு சொல்லிட்டாரே" என்றார்.

அவர் சொல்லவில்லை என்பது அந்த அம்மாவுக்கும் தெரியும்.

இந்த ஒரு காட்சியில் அதட்டல் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. உதவி செய்வது போன்ற குரல்தான். ஆனால் ஒருவர் வாயிலிருந்த பேச்சு இன்னொருவர் சொத்தாகிவிட்டது. "சொல்ல வருது" என்பதையும் கவனியுங்கள். சென்னைக்கு வடக்கே நாங்கள் பேசும் தமிழில் அவரு வந்தாரு, அந்தம்மா வந்துச்சு. பாசத்தோடும் அப்படிச் சொல்கிறோம், நானும் என் அம்மாவை அப்படித்தான் சொல்வேன். வீட்டுக்குள் அது கொஞ்சல். பொதுக்கூட்டத்தில், ஒரு ஆணின் "வந்தாரு"வுக்குப் பக்கத்தில் அது வந்து நிற்கும்போது, யாருக்கு எந்த உயரம் என்பதை வினைச்சொல்லின் வாலே அளந்து காட்டிவிடுகிறது.

எங்கள் மாவட்டத்திலேயே, கும்மிடிப்பூண்டி ஒன்றியத்து ஆத்துப்பாக்கத்தில் 2020-இல் நடந்ததை மறந்துவிட முடியாது. ஊராட்சித் தலைவர் அமிர்தம், தலித் பெண், 2019 டிசம்பர் தேர்தலில் மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர். அவரை ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியாகி எதிர்ப்பு கிளம்பியபின், ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் மகேஸ்வரி ரவிகுமார் முன்னிலையில் அமிர்தம் கொடியேற்றினார். அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலித் தலைவர் ராஜேஸ்வரி கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளியே வந்தது. இரண்டிலும் சாதியும் ஆண் என்ற மிதப்பும் கைகோத்து நின்றன. ஒன்றைத் தனியே பிரித்துப் பேசுவது நேர்மையாகாது. ஒருவரைத் தரையில் உட்கார வைத்த பிறகு அதட்ட வேண்டிய வேலையே இல்லை. அங்கிருந்து என்ன சொன்னாலும் அது கெஞ்சலாகத்தான் கேட்கும்.

பெண்கள் தயங்கித் தயங்கிப் பேசுகிறார்கள், "கொஞ்சம்", "இல்லீங்களா" என்று இழுக்கிறார்கள், அவர்களுக்குத் தைரியமாகப் பேசப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்க மொழியியலாளர் ராபின் லேக்காஃப் 1975-இல் இந்தத் தயக்கப் பேச்சைப் பெண்களின் மொழி என்று வர்ணித்து ஒரு புத்தகம் எழுதினார். 1980-இல் வில்லியம் ஓபாரும் போமன் அட்கின்ஸும் வட கரோலினா நீதிமன்றங்களின் சாட்சிக் கூண்டுப் பேச்சை எடுத்து வைத்துப் பார்த்தார்கள். சமூகத்தில் கீழே இருந்த ஆண்களும் அப்படித்தான் தயங்கினார்கள். படித்த, தொழில் தெரிந்த பெண் சாட்சிகள் அவ்வளவாகத் தயங்கவில்லை. அது அதிகாரம் இல்லாதவர் மொழி என்று அவர்கள் எழுதினார்கள்.

எனக்கு இதற்கு வட கரோலினா வரை போக வேண்டியதில்லை. கிராம சபையில் அந்த அம்மாவின் பேச்சைப் பிடுங்கியவரையே வேறொரு நாள் ஓர் அரசு அலுவலக வாசலில் பார்த்தேன். மடித்துக் கட்டிய வேட்டி இறங்கியிருந்தது. "ஐயா, கொஞ்சம் பாத்து பண்ணுங்கய்யா, தப்பா நெனச்சிக்காதீங்க" என்று பாதிப் பாதி வாக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தார். பெண் பேச்சு என்று நாம் பெயர் வைத்த அத்தனையும் அவர் வாயில் இருந்தது. ஆகவே இது ஆண் தொண்டை, பெண் தொண்டை விஷயம் இல்லை. யார் எங்கே நிற்கிறார் என்பதுதான்.

பெண்கள் பேச்சால் ஆளுவதே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். தண்ணி லாரி வந்து நிற்கும்போது குடத்தை வரிசையில் தள்ளிவைத்தவளைப் பார்க்காமலேயே, காற்றைப் பார்த்துப் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். யாரையும் பெயர் சொல்வதில்லை, யாருக்கும் தப்ப முடியாது. மாமியார் மருமகளை ஜாடை பேசுவதும் இந்த வகைதான். நேர் வழியை அடைத்து வைத்தால் பேச்சு சந்து வழியாகப் போகிறது. அதன் அடி பெரும்பாலும் இன்னொரு பெண் மேலேயே விழுகிறது என்பதுதான் என்னை வருத்துகிறது.

நேர் வழியில் வரும் பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது என்பதைக் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வேலை பார்க்கும் பெண்களிடம் கேளுங்கள். ஒரு லைனுக்கு சூப்பர்வைசராக இருக்கும் பெண் சொன்னார்: "மேடம்னு கூப்பிட வாய் வராது, அக்கா, அக்கான்னுவாங்க. அக்கான்னு சொல்லிட்டா அப்புறம் எதுக்குக் கண்டிக்கிறேன்னு கேப்பாங்க." அவருக்கு முன்பு அதே லைனைப் பார்த்த ஆண் ஒரு நாளும் அண்ணனாக இருந்ததில்லை, சார்தான். அவர் குரலை உயர்த்தினால் கறாரானவர். இந்தப் பெண் அதே சொல்லை அதே சத்தத்தில் சொன்னால் திமிர் பிடித்தவள். மென்மையாகப் பேசினால் வேலை நடக்காது, உரக்கப் பேசினால் பெயர் நிற்காது. இவருக்கு எந்தப் பேச்சுப் பயிற்சியைக் கொடுப்பது?

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களைவிட அதிகாரம் உள்ள பெண்கள் உலகில் குறைவு. அங்கேயும் 2015-ஆம் ஆண்டுப் பருவத்தில் நீதிபதிகளுக்கு நேர்ந்த குறுக்கீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, ஒன்பது பேரில் மூவராக இருந்த பெண் நீதிபதிகள் மேல் விழுந்தது என்று 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது. 2021-இல் அங்கே விசாரணை முறையையே மாற்றினார்கள். வழக்கமான கேள்விகள் முடிந்ததும் ஒவ்வொரு நீதிபதிக்கும் முறை வைத்து ஒரு வாய்ப்பு. அந்த ஆய்வுக்கும் இந்த மாற்றத்தில் பங்கு உண்டு என்று நீதிபதி சோனியா சோட்டோமேயர் வெளிப்படையாகச் சொன்னார். அவர்கள் பெண் நீதிபதிகளைச் சத்தமாகப் பேசச் சொல்லவில்லை, விதியைத் திருத்தினார்கள்.

நம்மிடம் விதியைத் திருத்தும் பழக்கம் இல்லாமல் இல்லை. உள்ளாட்சியில் பெண்களுக்கான ஒதுக்கீட்டை 2016-இல் 50 சதவீதமாக்கியது தமிழ்நாடு. பின்னர் கிராம சபை நாட்களை ஆண்டுக்கு நான்கிலிருந்து ஆறாக உயர்த்தியது. 2022 ஆகஸ்டில் தலித் ஊராட்சித் தலைவர்கள் எந்தத் தடையும் இல்லாமல் கொடியேற்றுவதை உறுதிசெய்யும்படி தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். நாற்காலியும் கொடிக்கயிறும் இப்படி உத்தரவு போட்டுத்தான் கிடைக்கின்றன. பேச்சு மட்டும் தானாகக் கிடைத்துவிடும் என்று ஏன் விட்டுவைத்திருக்கிறோம்?

2025 ஜனவரியில், 2019 தேர்தலில் வந்த தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்கு வந்தன. அடுத்த தலைவர்கள் வருவதற்கு முன்பே செய்யக்கூடியவை இவை. மைக் முதலில் பாயில் உட்கார்ந்திருப்பவர்களிடம் போகட்டும். கோரிக்கையை யார் எழுப்பினாரோ அவர் பெயர் மினிட் புக்கில் ஏறட்டும், கலைவதற்கு முன் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டட்டும். நாளை பெண் தலைவர் வந்தால் அவர் வீட்டுக்காரருக்கு மேடையில் நாற்காலி போடக் கூடாது, வீட்டுக்காரரைத் தலைவரே என்று கூப்பிடவும் கூடாது. ஒருவர் பேசும்போது குறுக்கே வருபவரைக் கூட்டத்தை நடத்தும் அலுவலர் "இருங்க, அவங்க முடிக்கட்டும்" என்று நிறுத்த வேண்டும். சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை, ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த கிராம சபைக்கு முன்பே அனுப்பிவிடலாம்.