பரம்பிக்குளம்: மண்வெட்டியோடு காட்டுக்குள் இறங்கிய மக்கள்... ஒரு ரோடு வேண்டும் என்று யார் முடிவு செய்யலாம்?

உங்கள் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போக வேறொரு மாநிலத்துக்குள் நுழைந்து திரும்பி வர வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? பாலக்காடு மாவட்டம் பரம்பிக்குளத்தில் வாழும் பழங்குடி மக்களுக்கு அதுதான் அன்றாடம். அவர்களது ஊராட்சி முதலமடை, மாநிலம் கேரளா. ஆனால் வண்டி போகும் பாதை டாப்ஸ்லிப், சேத்துமடை, ஆனைமலை என்று தமிழ்நாட்டுக்குள் இறங்கி, மறுபடி கேரளாவுக்குள் நுழைகிறது.

2020-ல் கொரோனா வந்தபோது இந்தச் சுற்றுப்பாதையும் சிக்கலானது. மாநில எல்லை தாண்ட இ-பாஸ், செக்போஸ்ட்டில் கெடுபிடி. அந்த ஆண்டு அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று, தேக்கடி அல்லிமூப்பன் காலனி பகுதி மக்கள் தாங்களே மண்வெட்டி, கடப்பாரையோடு இறங்கி, கேரள எல்லைக்குள்ளேயே செம்மணாம்பதிக்கு ரோடு வெட்டத் தொடங்கினார்கள். (இந்தத் தேக்கடி இடுக்கியில் படகு விடும் தேக்கடி அல்ல. பெயர் மட்டும்தான் ஒன்று.)

செய்தியைப் படித்த பலருக்கும் தோன்றிய கேள்வி: புலிகள் காப்பகத்துக்குள் மக்களே ரோடு போடலாமா? பரம்பிக்குளம் 2010-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர், ரோடு உள்ளிட்ட 13 வசதிகளுக்காக வன நிலத்தை விட்டுத்தர அது வழி செய்கிறது. மூன்று நிபந்தனைகள் உண்டு. வசதி அரசு நிர்வகிப்பதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வசதிக்கும் எடுக்கும் நிலம் 1 ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். இந்தப் பிரிவின் கீழ் கிராம சபையின் தீர்மானம் இல்லாமல் ஃபைல் நகராது. பாதிக்குப் பாதி உறுப்பினர்களாவது வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும்; வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். கேரளாவில் பழங்குடி குடியிருப்புகளுக்கு 'ஊர்க்கூட்டம்' என்று தனி அமைப்பே உண்டு. மரத்தடியில் உட்கார்ந்து பேசி எழுதும் தீர்மானத்துக்கு இவ்வளவு பலம் கொடுக்கும் சட்டங்கள் இந்தியாவில் குறைவு.

ஆக, மக்கள் கேட்டது சட்டத்தில் இல்லாத சலுகை இல்லை. சட்டம் சொல்லும் வழி தீர்மானம், ஆய்வு, அனுமதி, பிறகு வேலை. இங்கே மண்வெட்டி முந்திக்கொண்டது. அதை விதிமீறல் என்று மட்டும் பார்த்தால், காத்திருந்த ஆண்டுகள் கணக்கில் வராமல் போய்விடும்.

ஒரு சின்ன கணக்கு

1 ஹெக்டேர் என்றால் 10,000 சதுர மீட்டர். 3 மீட்டர் அகலத்தில் 3 கி.மீ. ரோடு போட்டால் 9,000 சதுர மீட்டர்: வரம்புக்குள் அடங்கும். அதே அகலத்தில் 4 கி.மீ. போனால் 12,000, கதை முடிந்தது. ஒரு ஜீப் மட்டும் போகும் அகலம், எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. சட்டம் தரும் ரோடு இவ்வளவுதான்.

இடுக்கியில் இந்தக் கணக்கு இன்னும் கடினம். 2010-ல் உருவான இடமலைக்குடி, கேரளாவின் முதல் பழங்குடி கிராம ஊராட்சி. மூணாறுக்கு அப்பால், காட்டுக்குள் முதுவான் மக்களின் குடிகள். நோயாளிகளைக் கம்பில் கட்டிய துணியில் சுமந்து வந்த செய்திகள் அங்கிருந்து வந்துகொண்டே இருந்தன. பெட்டிமுடியிலிருந்து சொசைட்டிக்குடி வரையிலான பாதை 3 கி.மீ.யில் முடிகிற தூரம் இல்லை. வரம்பைத் தாண்டினால் 1980-ம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும். அங்கே கிராம சபை கேட்கலாம், முடிவு டெல்லியில்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 3(2) பிரிவு 1980 சட்டத்தை மட்டும்தான் பெயர் சொல்லித் தள்ளி வைக்கிறது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. புலிகள் காப்பகத்தில் அதிகாரிகள் தயங்குவதற்கு இது ஒரு காரணம். யானை நடமாடும் காட்டில் ரோடு வந்தால் பின்னாலேயே ரிசார்ட் வரும் என்ற பயமும் பொய் இல்லை, மூணாறைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அங்கே கட்டடங்களைக் கட்டியது காட்டுக்குள் இருக்கும் குடிகள் அல்ல.

நகரத்தில் இருக்கும் நமக்கும் இதில் கவனிக்க ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 முதல் மாநகராட்சி, நகராட்சிகளில் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. தெருவிளக்கு, நடைபாதை, பஸ் நிறுத்தம் எல்லாம் அங்கே பேசலாம். ஆனால் பகுதி சபை சொல்வது கோரிக்கை. ரோடு எங்கே, எவ்வளவு அகலம் என்று முடிவெடுப்பது வேறு மேஜை. அல்லிமூப்பன் காலனிக்கு, 1 ஹெக்டேர் அளவுக்காவது, சட்டம் அதைவிடக் கூடுதல் அதிகாரம் கொடுத்திருக்கிறது. உங்கள் தெருவைத் தோண்டும் முன் உங்களிடம் கடைசியாகக் கேட்டது எப்போது?