முகூர்த்தத்தில் பாதி ராகு காலமா?

பழைய மகாபலிபுரம் சாலையில், கேளம்பாக்கத்துக்கு முன்னால் வரும் படூரில் அடுக்குமாடிகள் எழுந்தபின், பால் காய்ச்ச நேரம் குறிப்பதே பெரிய பஞ்சாயத்து ஆகிவிட்டது. ஒரு திங்கட்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோசியர் குறித்த லக்னம் காலை 6.15 முதல் 8.15 வரை. தினசரி காலண்டரில் ராகு காலம் 7.30 - 9.00. மகனுக்கு ஆஸ்திரேலிய கிளையன்ட்டோடு 6.00 - 7.00 கால். "நாளையே மாத்துங்க" என்கிறார் மாமியார். "கால் முடியட்டும்" என்கிறார் மகன்.

நாளை மாற்ற வேண்டாம். எது நகரவே நகராதோ அதை முதலில் எழுதுங்கள். அது ராகு காலம். அடுத்தது லக்னம், அதில் ராகு காலம் ஏறிய 45 நிமிடத்தை மட்டும் வெட்டுங்கள், முழுவதையும் அல்ல. 6.15 முதல் 7.30 வரை, ஒன்றேகால் மணி நேரம் கையில் நிற்கிறது. கடைசியில் கால். அதற்கு மிஞ்சுவது 15 நிமிடம்தான். எனவே தள்ளிப்போக வேண்டியது அதுதான். மகனுக்கே முதலிடம் கொடுத்தால்? முகூர்த்தத்துக்கு அரை மணி மிஞ்சும். ஐயர் ஓட்டமாய் ஓட வேண்டியதுதான்.

செல்போன் காலண்டர் இதைத் தீர்த்துவைக்காது. கூகுள் காலண்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும், அவ்வளவே. ஆனால் ஆபீஸ் கணக்கில் 'அவுட் ஆஃப் ஆபீஸ்' போட்டால், அந்த நேரத்து மீட்டிங்குகளை அதுவே மறுத்துவிடும்.

குளிகைக்கு வேறு கணக்கு. அதில் செய்வது திரும்ப நடக்கும் என்பது நம்பிக்கை. அதனால் நகை வாங்கலாம், துக்க காரியம் ஆகாது. காலண்டரில் ராகு காலத்தோடு ஒரே கட்டத்தில் அச்சாவதால் பலர் அதையும் ஒதுக்கிவிடுகிறார்கள், பாவம்!

ராகு, எமகண்டம், குளிகை மூன்றும் பகலை எட்டாகப் பிரித்த துண்டுகள், ஒன்றோடொன்று மோதாது. லக்னம் அப்படியில்லை, தினமும் சுமார் 4 நிமிடம் முன்னால் வரும். அடுத்த திங்களன்று அதே லக்னம் 5.47-க்கே பிறந்து 7.47-க்கு முடிந்துவிடும், ராகு காலத்தோடு உரசுவது 17 நிமிடம்தான். அன்று திதியும் நட்சத்திரமும் ஒத்துவருகிறதா என்று மட்டும் ஜோசியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.