66 வீதம் யாருக்கு?

மலையக மின்சாரத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே கொழும்பு நண்பர்கள், "உங்கள் ஊர்த் தண்ணீரில்தானே எங்கள் வீட்டு விளக்கு எரிகிறது" என்பார்கள். பொய்யில்லை. லக்ஷபானவில் 1950 இல் மின்னுற்பத்தி தொடங்கியது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போனது. கடும் வறட்சியில் அங்கிருந்த கோயிலின் எச்சம் இன்றும் தலைகாட்டும். தலவாக்கலையில் 2012 இல் 150 மெகாவாற் மேல் கொத்மலைத் திட்டம் வந்தது. அதற்காக சென் கிளையர் அருவி மெலிந்தது. ஊரைக் கொடுத்தோம், அருவியையும் கொடுத்தோம். எமது லயங்களுக்கு வந்ததோ, காற்றடித்து ஒரு மரக்கிளை முறிந்தாலே அணைந்துபோகும் விளக்கு.

விளக்கு அணைந்தாலும் பட்டியல் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. அந்தக் கணக்கைச் சற்றுப் பார்ப்போம்.

மாதம் 30 அலகு பாவிக்கும் வீடு என்றால் இரண்டு மின்குமிழ், ஒரு தொலைக்காட்சி, ஒரு கைத்தொலைபேசி. 2022 ஆகஸ்ட்டுக்கு முன்னர் அதற்கு 105 ரூபா. ஆகஸ்ட்டில் 360 ஆனது. 2023 பெப்ரவரியில் 1300! அலகுக்கு 30 ரூபா வீதம் 900, நிலையான கட்டணம் 400. அன்றைக்குத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபா. "சராசரி 66 வீத அதிகரிப்பு" என்று அரசாங்கம் சொன்னது. நாம் பத்திரிகைக்காரர்களும் அதையே தலைப்பாக்கினோம். மிகக் குறைவாகப் பாவித்த வீட்டுக்கு அந்த உயர்வு 260 வீதத்துக்கும் மேல். குளிரூட்டியில் உறங்குபவனையும் குப்பி விளக்குக்குத் திரும்பியவளையும் கூட்டி வகுத்தால் எந்தச் சராசரியும் அழகாகத்தான் இருக்கும்.

இவற்றையெல்லாம் மேற்பார்வை செய்யத்தான் 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 2023 இல் அதன் தலைவராயிருந்த ஜனக ரத்நாயக்க கட்டண உயர்வைப் பகிரங்கமாக எதிர்த்தார். ஏனைய உறுப்பினர்கள் அங்கீகாரம் வழங்கினர். மே 24 இல் பாராளுமன்றம் 123க்கு 77 என்ற வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது. அவர் மகான் என்று நான் வாதிடவில்லை. காவல்காரன் குரைத்தது பிடிக்காவிட்டால் அவனை மாற்ற வீட்டுக்காரருக்கு வழியுண்டு என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஜூலையில் அந்த 1300 ரூபா 450 ஆனது. ஐந்து மாதத்துக்குள் இப்படி இறக்க முடிந்ததென்றால், பெப்ரவரியில் ஏற்றியது எந்தக் கணக்கில்? 

2025 பெப்ரவரி 9 இல் நாடே இருளில் மூழ்கியபோது பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் புகுந்த குரங்கு மீது பழி போட்டார்கள். ஒரு குரங்குக்குத் தாங்காத வலையமைப்பின் மீது யாரும் அவ்வளவு கோபப்படவில்லை. லயன் அறைகள் தீப்பற்றும்போதும் இதே கதைதான். "மின் ஒழுக்கு" என்று ஒரு வரிச் செய்தி வரும், அந்தக் கம்பியை எப்போது, யார் கடைசியாகச் சோதித்தார்கள் என்ற அடுத்த வரி வராது.

மின்சார சபையைக் கம்பனிகளாகப் பிரிக்கும் சட்டம் 2024 இலும், அதற்கான திருத்தம் 2025 இலும் நிறைவேறின. பட்டியலின் தலைப்பில் எந்தப் பெயர் இருந்தாலென்ன? ஆணைக்குழு அடுத்த கட்டண விசாரணையை ஹட்டனில், தமிழில், கொழுந்து நிறுத்து முடிந்த மாலைப் பொழுதில் நடத்தட்டும். தோட்ட நிர்வாகத்தின் கடிதத்துக்குக் காத்து நிற்காமல் லயத்துக் குடும்பத்துக்குத் தனி மானி கிடைக்குமா என்பதே அங்கு எழும் முதற் கேள்வியாக இருக்கும். பதில் தெரிந்த அதிகாரி ஒருவரை அனுப்பிவையுங்கள்.