பெயரை மூடினாலும் ஆள் தெரியணும்!

“என் கதையில் மாமியாரும் பேசுகிறாள், மருமகளும் பேசுகிறாள். படித்துப் பார்த்தால் இரண்டு பேருமே நான்தான்!” கதை எழுத ஆரம்பிக்கும் சகோதரிகள் பலருக்கும் வரும் சங்கடம் இது.

முக்கொம்பை நினைத்துக்கொள்ளுங்கள். வந்து சேருவது ஒரே காவிரி. பிரிந்த பிறகு, கொள்ளிடம் வெள்ளத்தைச் சுமந்துகொண்டு கடலுக்கு விரைகிறது. காவிரியோ வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வயலுக்குப் போகிறது. தண்ணீர் ஒன்று, நடை வேறு. உங்கள் பாத்திரங்களும் அப்படிப் பிரிய வேண்டும்.

ஆடிப்பெருக்கன்று அந்தக் கரையில் ஒரு குடும்பம் கட்டுச்சாதத்தைப் பிரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வயசுப் பையன் தண்ணீர்ப் பக்கம் ஓடுகிறான்.

“ஐயோ பெருமாளே! பெத்தவ எங்கே பராக்குப் பார்த்துண்டிருக்கா?”

“ஏம்மா, புள்ளயப் புடிங்கம்மா! அங்க இழுப்பு சாஸ்தி!”

“ஒண்ணும் ஆகாது. டேய், இங்கே வா!”

“கண்ணா...”

யார் யார் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் ஸ்ரீரங்கத்துப் பாட்டி, கடலை விற்கும் அம்மாள், அப்பா, அம்மா என்று நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். பாட்டியின் பயம் கோபமாக மாறி மருமகள்மேல் பாய்கிறது. கடலைக்காரிக்கு ஆறு பழக்கம். அதனால்தான் ‘இழுப்பு’ என்ற வார்த்தை வருகிறது. அப்பா பயத்தை மறைக்கிறார். பெற்றவளுக்கோ பெயருக்கு மேல் குரலே எழும்பவில்லை. மௌனமும் ஒரு பேச்சுதான்!

ஆகவே ஒவ்வொரு பாத்திரத்திடமும் மூன்று கேள்வி கேளுங்கள். இவளுக்கு எது நன்றாகத் தெரியும்? எதற்குப் பயப்படுகிறாள்? எதை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள்?

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா (1935–2008) படைத்த கணேஷையும் வஸந்தையும் பாருங்கள். இரண்டு பேரும் வக்கீல்கள், எடுத்துக்கொள்வதும் ஒரே வழக்கு. ஆனால் ஒருவர் நிதானம், மற்றவர் குறும்பு. வாயைத் திறந்தாலே ஆள் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. வரிக்கு வரி ‘சிவ சிவா’ போட்டால் அது குரல் ஆகாது, முத்திரை. கொச்சையையும் அள்ளிக் கொட்டாதீர்கள்; ரசத்தில் பெருங்காயம் போல ஒரு சிட்டிகை போதும்.

இந்த வித்தை உங்களுக்குப் புதிதல்ல. சோறு ஊட்டும்போது காக்காய்க்கு ஒரு குரல், நரிக்கு ஒரு குரல் என்று மாற்றிப் பேசுகிறவர்கள்தானே நீங்கள்? அதைக் காகிதத்துக்குக் கொண்டு வாருங்கள்.

பயிற்சி இதுதான். வீட்டில் நாலு பேர் ‘காபி வேணும்’ என்பதை எப்படியெல்லாம் கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் நோட்டில் குறித்து வையுங்கள். அப்புறம் பெயர்களை மூடிவிட்டு வேறு யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். ஆள் தெரிந்தால் பாஸ்!

இதில் இன்னொரு லாபமும் உண்டு. கோபத்தோடு எழுத உட்கார்ந்தால் மாமியார் வில்லியாகத்தான் வருவாள். அவள் பேச்சுக்கு அடியில் இருக்கும் பயத்தையும் காது கொடுத்துக் கேட்டுவிட்டால், அவளும் மனுஷியாகிவிடுவாள். கதையில் மட்டுமல்ல, வீட்டிலும்தான்.