கொள்ளைநோயும் யந்திரமும்

கொரோனா கொள்ளைநோயை ஒட்டிய அவசர நிலைமை முடிவுற்றதென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ம் வருஷம் மே 5-ந் தேதி அறிவித்தது. அதற்குப் பின் அதைப் பற்றிப் பேசுவோர் குறைந்துவிட்டனர். கஷ்டம் தீர்ந்ததும் அதை மறப்பது மனித சுபாவம். ஆயினும் தேச காரியத்தில் நாட்டமுள்ளவர்கள் அவ்விதம் மறந்திருத்தல் தகாது. இன்னொரு கொள்ளைநோய் என்றேனும் வரத்தான் போகிறது. அன்று எதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்போம் என்பதை இன்றே யோசிப்பது அவசியம்.

விஞ்ஞானமும் யந்திரமுமே நம்மைக் காப்பாற்றின என்று ஒரு சாரார் பெருமை பேசுகின்றனர். அவற்றால் ஏழைக்குக் காசளவும் பயன் விளையவில்லை என்று மற்றொரு சாரார் சொல்லுகின்றனர். சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பிரதேசத்தில் 2020, 2021-ம் வருஷங்களில் நடந்தவற்றைக் கவனித்தால், இரு சாராரும் தங்கள் அபிப்பிராயத்தைச் சற்று மாற்றிக்கொள்வார்கள் என்று நம்புகிறோம்.

முதலில் ஆவடியை எடுத்துக்கொள்வோம். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சமதர்ம பாணிச் சமுதாயமே லட்சியம் என்று தீர்மானித்தது இவ்வூரில்தான். இங்கே சர்க்காருக்குச் சொந்தமான படைத்துறை உடைத் தொழிற்சாலை இருக்கிறது. சிப்பாய்களுக்கு உடுப்புத் தைப்பது அதன் வேலை. 2020 மார்ச்சில் நோயாளிகளின் அருகே நின்ற டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் முழுக் காப்புடை போதாமல் நாடு தவித்தது. அதுவரை அவ்வுடையை இந்நாட்டில் பெரிய அளவில் தைத்தவர் இல்லை. வெளிநாடுகளோ தங்கள் தேவைக்கே காணாது என்று கையை விரித்தன. ஆவடி உள்ளிட்ட படைத்துறைத் தொழிற்சாலைகள் அவ்வேலையை ஏற்றன. ஊசி சென்ற துவாரத்தின் வழியே கிருமி புகாதிருக்க வேண்டுமானால், தையலின் மீது நாடாவை வைத்து வெப்பத்தால் ஒட்டும் யந்திரம் வேண்டும். ரத்தம் துணியை ஊடுருவுகிறதா என்று பரீட்சை செய்யவும் சாதனம் வேண்டும். பரீட்சைச் சாதனங்களைத் தொழிற்சாலைகள் தாங்களே அமைத்துக்கொண்டன. எச்.எல்.எல். லைஃப்கேர் என்னும் பொதுத்துறை நிறுவனம் ஆரம்பத்திலேயே 1,10,000 உடைகளுக்கு ஆர்டர் கொடுத்தது.

இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. தையல் பழகிய கைகளும், யந்திரத்தின் போக்கறிந்த தொழிலாளரும், பொதுச் சொத்தான ஓர் ஆலையும் பல காலமாக அங்கே இருந்தபடியால், சில வாரங்களில் ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மாற முடிந்தது. 2021 அக்டோபர் 1 முதல் அத்தொழிற்சாலை ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் என்ற சர்க்கார் கம்பெனியின் நிர்வாகத்திற்கு வந்துள்ளது. கம்பெனி என்றால் லாப நஷ்டக் கணக்கும் கூடவே வரும். சாதாரண காலத்தில் ஆர்டர் குறைவு என்று அந்தக் கைத்திறனைக் கலைத்துவிட்டால், ஆபத்துக் காலத்தில் அதை எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்கிறோம்.

அம்பத்தூரின் அனுபவம் வேறு. அங்குள்ள தொழிற்பேட்டையில் எண்ணற்ற சிறு பட்டறைகள் மோட்டார் வண்டிகளுக்கு உதிரிப் பாகங்களைக் கடைந்து கொடுத்து ஜீவிக்கின்றன. 2020 மார்ச் 25 முதல் தேசமெங்கும் ஊரடங்கு அமலாயிற்று. நாட்டின் மிகப் பெரிய கார்க் கம்பெனியான மாருதி சுசுகி ஏப்ரல் மாதத்தில் உள்நாட்டில் ஒரு வண்டிகூட விற்கவில்லை. வண்டி விற்காதபோது உதிரிப் பாகம் யாருக்கு வேண்டும்? மே 25 முதல் சென்னைத் தொழிற்பேட்டைகளை நாலில் ஒரு பங்கு ஆட்களுடன் திறக்கலாம் என்று உத்தரவாயிற்று. மூச்சு விடுவதற்குள் ஜூன் 19 முதல் மறுபடியும் கடுமையான ஊரடங்கு வந்தது. பேட்டையை அடுத்த கண்ணாடி மாளிகைகளில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர்களிற் பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடியே உத்தியோகத்தைத் தொடர்ந்தனர். லேத்தை வீட்டுக்குத் தூக்கிச் செல்ல முடியுமா? ஒரே ஊரில், ஒரே நோய்க் காலத்தில், யந்திரம் ஒருவனுக்குச் சோறு போட்டது. மற்றொருவனைப் பட்டினி போட்டது.

சிறு தொழில்களுக்கு ஈடின்றிக் கடன் கொடுக்க 2020 மே மாதத்தில் மத்திய சர்க்கார் 3 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. அது நல்ல காரியமே. ஆனால் விற்ற சரக்குக்குப் பணம் வராதவனுக்குக் கடன் என்பது தலையில் ஏறும் இன்னொரு சுமை. 45 நாட்களுக்குள் சிறு தொழிலருக்குப் பணம் கொடுத்துத் தீர வேண்டுமென்று 2006-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. அதை மதிப்பவர் எத்தனை பேர் என்பதைப் பட்டறைக்காரர்களைக் கேட்டால் தெரியும். இங்கேதான் யந்திரம் உதவ முடியும். சிறு பட்டறையின் பில்லைப் பெரிய கம்பெனி ஒப்புக்கொண்டதும், பாங்கிகள் போட்டியிட்டு அதை வாங்கி உடனே பணம் கொடுக்கும் 'ட்ரெட்ஸ்' என்ற ஏற்பாடு இருக்கிறது. வருஷத்தில் 250 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் செய்யும் கம்பெனிகள் 2025 மார்ச் இறுதிக்குள் இதில் சேர வேண்டுமென்று உத்தரவும் பிறந்தது. ஆயினும் பில்லை ஒப்புக்கொள்ளும் அதிகாரம் வாங்குபவன் கையிலேயே இருந்தால் ஏற்பாட்டின் உயிர்நாடி அங்கேயே நின்றுவிடும். சரக்கைப் பெற்று 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்காவிட்டால் ஏற்றதாகவே கருத வேண்டும் என்பது மேற்படி சட்டத்தின் விதி. அதே விதியை ட்ரெட்ஸிலும் செலுத்தினாலன்றிச் சிறு தொழிலர் பிழைக்க வழியில்லை.

இனி, யந்திரம் வாயிற்காவலனாக வந்து நின்ற கதையைச் சொல்ல வேண்டும். 2020-ல் மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் தேவைப்பட்டது. கல்யாணம், மரணம், அவசர சிகிச்சை என்ற காரணங்களைக் காட்டி விண்ணப்பித்தவர்களிலும் பலர் நிராகரிக்கப்பட்டனர். ஆகஸ்டு 17 முதல் அது தாராளமாயிற்று. செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் அடியோடு நீங்கிற்று. மறு வருஷம் மே மாதத்தில் 18 முதல் 44 வயது வரையுள்ளோர் தடுப்பூசி பெற, 'கோவின்' தளத்தில் முன்பதிவு கட்டாயம் என்றனர். தளமோ ஆங்கிலத்தில் இருந்தது. ஸ்மார்ட் போன் இல்லாதவன் என்ன செய்வான் என்று சுப்ரீம் கோர்ட்டே அம்மாத இறுதியில் கேட்க நேர்ந்தது. ஜூன் மாதத்தில் ஹிந்தியும் வேறு சில பாஷைகளும் அதில் ஏறியபோது தமிழுக்கு முதலில் இடமில்லை. தமிழ்நாடு வற்புறுத்திய பிறகே இடம் கிடைத்தது. உயிர் காக்கும் மருந்துக்கும் குடிமகனுக்கும் நடுவே அவன் அறியாத பாஷையில் ஒரு கதவைப் போட்டுவிட்டு, அதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைப்பதை நாம் ஒப்ப முடியாது.

ரேஷன் கடை இதற்கு நேர்மாறானது. 2020 ஏப்ரலில் 1,000 ரூபாயும், 2021-ல் இரு தவணைகளில் 4,000 ரூபாயும் அரிசி அட்டைக்காரர்களுக்கு அதன் வழியாகவே ரொக்கமாகக் கிடைத்தன. அங்கும் ஸ்மார்ட் கார்டும் கருவியும் உண்டு. ஆனால் கருவி கணக்கை வைத்துக்கொண்டது. கொடுத்தது தெருக்கோடியிலிருந்த கடை. காய்ச்சலைக் கண்டறிய வீடு வீடாகச் சென்ற சுகாதார ஊழியர்களின் சேவையும் இத்தகையதே. வெளிநாட்டிலிருந்து வந்தோரைத் தனிமையில் வைத்துப் பார்க்க உதவிய பூந்தமல்லிச் சுகாதார நிலையம், ஊழியர்களைப் பயிற்றுவிக்க எப்போதோ அமைத்த ஸ்தாபனம் என்பதையும் மறக்கலாகாது.

இந்த ரேஷன் அட்டையும் இல்லாதவர்கள் ஒரிஸ்ஸா, பீஹார் முதலிய இடங்களிலிருந்து வந்து இப்பேட்டைகளில் உழைத்த தொழிலாளர்கள். வெளிமாநிலத் தொழிலாளருக்குப் பதிவேடு வேண்டுமென்று 1979-லேயே சட்டம் செய்தும், ஊரடங்கின்போது வழியில் இறந்தவர்களின் கணக்கு தங்களிடம் இல்லை என்று 2020 செப்டம்பரில் மத்திய சர்க்கார் பார்லிமெண்டில் கூறியது. எந்த மாநிலத்து அட்டைக்கும் எங்கும் அரிசி என்ற திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தது அவ்வருஷம் அக்டோபர் 1-ந் தேதி. தொழிலாளர் பதிவுக்கான 'இ-ஷ்ரம்' தளம் பிறந்தது 2021 ஆகஸ்டு 26-ந் தேதி. பசித்தவர்கள் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு இலை போட்டதற்கு ஒப்பாகும் இது.

ஆகவே நாம் கோருவது இதுதான். ஆபத்துக் காலத்தில் எந்தப் பட்டறை எதைச் செய்து தர இயலும் என்ற ஜாபிதாவை ஆவடி, அம்பத்தூர்த் தொழிலாளரையும் முதலாளிகளையும் கலந்து இப்போதே தயாரித்து, வருஷந்தோறும் திருத்தி வரவேண்டும். சர்க்கார் திறக்கும் ஒவ்வொரு தளமும் முதல் நாளிலேயே தமிழில் இருக்க வேண்டும். பக்கத்தில் காகித மனுவை வாங்க ஓர் ஆளும் இருக்க வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளரின் பெயரைப் பேட்டை வாயிலிலேயே பதிந்து ரேஷனுடன் இணைக்க வேண்டும். தேசத் தொண்டர்கள் இவற்றைத் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் வார்டு சபைகளிலும் எழுப்பி, சர்க்காரைச் செய்யவைக்க வேண்டும். அடுத்த நோய் வந்தபின் கூட்டம் கூடி யோசிப்பதற்கு அவகாசம் இராது.