பெயர் மாறாத வண்டி, விற்காத வண்டிதான்

திருவண்ணாமலையில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவருக்கு வீட்டிலும் டீக்கடையிலும் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: "புக்கு ஒரிஜினலான்னு பாரு. பாரத்துல கையெழுத்து வாங்கிக்கோ. பேரு அப்புறமா மாத்திக்கலாம்." இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறவர்கள், ஸ்பிராக்கெட் பல்லை விரலால் தடவிப் பார்க்கிறவர்கள், ஐநூறு ரூபாய் குறைக்க மூன்று தடவை எழுந்து போய்த் திரும்பி வருகிறவர்கள், பெயர் மாற்றம் என்றதும் "அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்று தள்ளிப் போடுகிறார்கள். அந்த "அப்புறம்" பெரும்பாலும் வருவதே இல்லை. ஆர்.சி. புக்கு கையில் இருந்தால் வண்டி நம்முடையது என்ற இந்த நம்பிக்கை வாங்கியவரைக் கெடுக்கிறது, விற்றவரை அதைவிட மோசமாகக் கெடுக்கிறது, இருவரையும் அறியாத மூன்றாவது மனிதரைத் தெருவில் நிறுத்துகிறது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தீபத் திருவிழா மாட்டுச் சந்தையைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசி, பணம் எண்ணி, கயிறு கை மாறினால் மாடு வாங்கியவருடையது. அதற்குமேல் கேள்வி கிடையாது. வண்டியையும் நம் ஆட்கள் அப்படித்தான் வாங்கினார்கள், சாவியைக் கயிறாக நினைத்து. ஒரு காலத்தில் அதில் பெரிய பிழையும் இல்லை. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் உரிமையாளர் என்று வரையறுக்கவில்லை. பணம் கொடுத்து வண்டியை எடுத்துப் போனவரையே உரிமையாளராக நீதிமன்றங்கள் ஏற்றதுண்டு. ஆகவே நம் அப்பாக்கள் சொன்னது அவர்கள் காலத்துக்குப் பொருந்தியது.

1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கதையை முடித்துவிட்டது. அதன் பிரிவு 2(30)இன்படி யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர். பிரிவு 50இன்படி விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பாரம் 29, பாரம் 30 என்று நாம் கையெழுத்து வாங்கி மடித்து வைக்கிற தாள்கள் இதற்காக அச்சிட்டவைதான். கொடுக்க வேண்டிய தாளைக் கொடுக்காமல் பீரோவில் வைத்துக்கொண்டு, அதையே பாதுகாப்பு என்று நம்புகிறோம்.

விற்றவரின் நிலையைப் பாருங்கள். உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கு ஒன்று, நவீன் குமார் எதிர் விஜய் குமார். பதிவேட்டில் பெயர் இருந்தவர் 2007இல் காரை விற்றுவிட்டார். அது அடுத்தடுத்துக் கை மாறிக்கொண்டே போனது. ஒருவரும் பெயரை மாற்றவில்லை. 2009 மே மாதம் அந்தக் கார் மோதி ஒரு சிறுவன் இறந்தான், ஒரு பெண் காயமடைந்தார். நஷ்டஈடு யார் தலையில் என்ற கேள்வி ஒன்பது ஆண்டு இழுத்தது. 2018 பிப்ரவரி 6 அன்று தீர்ப்பு வந்தது: பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் கொடுக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பே விற்றுவிட்டேன், பணமும் வாங்கிவிட்டேன் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. விபத்தில் அடிபட்ட குடும்பம் வண்டி எத்தனை கை மாறியது என்று தேடிக்கொண்டு அலைய முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அது நியாயமான பேச்சு. விற்றவர் செய்யாமல் விட்ட வேலைக்கு அடிபட்டவர் ஏன் அலைய வேண்டும்?

"அதுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே" என்பார்கள். இருக்கிறதா? 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அந்த ஐந்து ஆண்டு முடிகிற நேரம்தான் வண்டி பழைய வண்டிச் சந்தைக்கு வருகிற நேரம். வாங்கியவர் வேறொருவர் பெயரில் உள்ள பாலிசியைப் புதுப்பிக்க அக்கறை காட்டுவதில்லை. விற்றவருக்கு அந்த நினைப்பே இல்லை. காப்பீடு இல்லாத வண்டி, வேறொருவர் பெயரில், கிரிவலப் பாதையில் பௌர்ணமிக் கூட்டத்தை ஒட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஒரு முதியவர் மீது மோதினால் ஓட்டியவரிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது. போளூரிலோ செங்கத்திலோ நிம்மதியாக இருக்கும் ஒருவருக்கு நீதிமன்ற நோட்டீஸ் போகும்.

அபராதமும் அதே முகவரிக்குத்தான். ஹெல்மெட் இல்லை, மூன்று பேர் ஏறினார்கள் என்று வரும் இ-சலான் விற்றவரின் கைபேசியில்தான் வந்து விழும். அதைக்கூடக் கட்டிவிடலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 199ஏ அப்படிப்பட்டதல்ல. பதினெட்டு வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். நீங்கள் விற்ற வண்டியைப் பிளஸ் டூ படிக்கும் யாரோ ஒரு பையன் ஓட்டுகிறான். அவன் முகத்தைக்கூட நீங்கள் பார்த்ததில்லை. போலீஸ் விசாரணையும் பதிவேட்டுப் பெயரில்தான் தொடங்கும். 2025 நவம்பர் 10 அன்று டெல்லி செங்கோட்டை அருகே ஒரு கார் வெடித்தபோது, அந்த வண்டியை விற்றுப் பல கை மாறிய பின்பும் பதிவேட்டில் பெயர் இருந்த பழைய உரிமையாளரைத்தான் போலீஸ் முதலில் பிடித்து விசாரித்தது. அது தொலைவில் நடந்த பெரிய விஷயம் என்று ஒதுக்காதீர்கள். சங்கிலிப் பறிப்புக்குப் போகிறவன் பைக்கில்தான் போகிறான். கேமராவில் பதிவது நம்பர் பிளேட்.

இனி வாங்கியவர். எனக்குத் தெரிந்த பால்காரர் ஒருவர், அவலூர்பேட்டை ரோட்டுப் பக்கம், ஸ்பிளெண்டர் ஒன்றை ரொக்கமாக வாங்கினார். சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் கவரில் புக்கு, இரண்டு தாளிலும் விற்றவரின் கையெழுத்து. நான்கு வருடம் இரண்டு பக்கமும் பால் கேனைக் கட்டி ஓட்டினார். பெயர் மாற்றப் போனபோது விற்றவர் இறந்துபோயிருந்தார். இப்போது கையெழுத்துப் போட்ட அந்தப் பாரம் வெறும் காகிதம். முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம், பாரம் 31. ஒரு மகள் கிருஷ்ணகிரியில், ஒரு மகன் திருப்பூரில். தங்களுக்கு எந்த லாபமும் இல்லாத வேலைக்கு அவர்கள் ஏன் ஒருநாள் சம்பளத்தை விட்டு வருவார்கள்? ஆள் உயிரோடு இருந்தாலும் பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்கும்போது ஓடிபி கேட்கிறது. விற்றவர் சிம்மை மாற்றியிருந்தால் அதற்கும் அலைய வேண்டியதுதான்.

வண்டி திருடு போனால் இன்னும் மோசம். உரிமை மாறும்போது மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே தானாக வாங்கியவருக்கு மாறும், வண்டிக்கான சொந்தச் சேதக் காப்பீடு அப்படி மாறாது என்று 'கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றாதவர் திருட்டுக்கு இழப்பீடு கேட்டால் கையை விரிப்பார்கள். விற்றவர் கேட்டாலும் கிடைக்காது, அவர்தான் விற்றுவிட்டாரே.

ரொக்கமா, டியூவா என்ற பேச்சுக்கும் இதில் இடம் உண்டு. பழைய வண்டியை ரொக்கம் கொடுத்து வாங்குகிறவர்கள் வட்டிக்குப் பயந்துதான் அப்படிச் செய்கிறார்கள். அந்தப் பயம் சரியானது. 80,000 ரூபாய் கடனுக்கு "பன்னிரண்டு பர்சென்ட்தான்" என்று பிளாட் வட்டி போட்டு 36 மாதம் கட்டச் சொன்னால் வட்டி மட்டும் 28,800. மாதம் 3,022. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. இதைத் தவிர்க்க ஆட்டை விற்று, சீட்டு எடுத்து ரொக்கம் சேர்க்கிற மனிதர், சில நூறு ரூபாய் அரசுக் கட்டணத்துக்கும் ஒரு நாள் அலைச்சலுக்கும் சோம்பி மொத்த வண்டியையும் பணயம் வைக்கிறார்.

டியூவில் எடுத்தவர்களிடம் இதே நம்பிக்கையின் இன்னொரு முகம் இருக்கிறது. கடைசித் தவணை கட்டியதும் வண்டி முழுக்கத் தன்னுடையது என்று நினைக்கிறார்கள். ஃபைனான்ஸ் கம்பெனியிடம் என்ஓசி வாங்கி, பாரம் 35 கொடுத்து, ஹெச்.பி. என்கிற கடன் பதிவை ரத்து செய்யும் வரை பதிவேட்டில் கடன் நிற்கிறது. இதைவிடக் கொடியது, பாதி டியூவில் வண்டியைக் கைமாற்றி "மீதியை நீ கட்டிக்கோ" என்பது. வாங்கியவர் ஒழுங்காகக் கட்டினால் அடைவது விற்றவரின் கடன். கட்டாமல் விட்டால் கெடுவது விற்றவரின் சிபில். விற்றவர் இடையில் வாங்கிய பணத்தைக் கட்டாமல் விட்டாலோ, சீசிங் ஆட்கள் வந்து நிற்பது வாங்கியவர் வீட்டு வாசலில். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டாலே காப்பீடு எப்போது முடிகிறது, பதிவேட்டில் கடன் நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தனி ஆளிடம் வாங்கினால்தான் இந்தத் தொல்லை, ஆட்டோ கன்சல்டிங்கில் வாங்கினால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். பல கன்சல்டிங்குகளில் வண்டி விற்றவர் பெயரிலேயே நிற்கும், விற்பனையும் அவர் பெயரிலிருந்தே நடக்கும், நடுவில் கடைக்காரர் பெயர் எங்கும் வராது. இதற்காகத்தான் 2022 டிசம்பரில் மத்திய அரசு விதிகளைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்து, பாரம் 29சி மூலம் இணையத்தில் தெரிவித்துவிட்டால் அதன் பிறகு பொறுப்பு அவருடையது. உங்கள் வண்டியைக் கடையில் விட்டுவிட்டு வரும்போது அந்த அங்கீகாரச் சான்றைக் கேளுங்கள். இல்லை என்றால் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

நான் அதிகம் கேட்கிற மறுப்பு சட்டம் பற்றியது அல்ல, உறவு பற்றியது. "மாமன் மச்சானுக்குள்ள என்னங்க பேரு மாத்துறது? நம்பிக்கை இல்லையான்னு நெனச்சுக்குவாங்க." பெயர் மாற்றக் கேட்பது நம்பிக்கையின்மை என்ற இந்தக் கூச்சத்தை நாம் உடைத்தே ஆக வேண்டும். உண்மையில் மச்சான் மீது அக்கறை உள்ளவர்தான் தன் வண்டி செய்யும் பிழைக்கு அவர் கோர்ட்டுக்குப் போகக் கூடாது என்று நினைப்பார். விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள்: ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து போவோம், புது ஆர்.சி. வந்த பிறகு மிச்சப் பணம். இதற்கு ஒப்புக்கொள்ளாதவர் சொந்தக்காரராக இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

அரசுக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஜவ்வாதுமலையிலிருந்து ஒருவர் இந்த வேலைக்காக இறங்கி வந்து, விற்றவரையும் கூட்டிக்கொண்டு, ஒரு நாள் கூலியை இழந்து நிற்கும்போது அவர் இடைத்தரகரைத் தேடிப் போவதில் வியப்பில்லை. ஜமுனாமரத்தூரிலும் தண்டராம்பட்டிலும் செங்கத்திலும் போக்குவரத்துத் துறை பெயர் மாற்ற முகாம்களை நடத்த வேண்டும். விற்றவர் இறந்துபோன, ஊர் மாறிப்போன பழைய வண்டிகளுக்கு ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு எளிய வழி திறந்துவிட வேண்டும். ஹெல்மெட்டுக்காக வண்டியை நிறுத்தும் போலீஸார் அதே நேரத்தில் ஓட்டுகிறவரிடம், ஆர்.சி.யில் இருப்பது யார் பெயர், நீங்கள் எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டு, அபராதச் சீட்டுக்குப் பதில் முகாம் தேதி எழுதிய தாளைக் கையில் கொடுக்கலாம்.