முளையில் கிள்ளும் வைத்தியம் உழைப்பாளிக்கு எட்டுமா?

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறித் தொழிலாளி நெய்யும் பாண்டேஜ் துணி எத்தனையோ ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அந்த ஆஸ்பத்திரிகளில் வளர்ந்துள்ள வைத்தியம் அதே தொழிலாளிக்கு உரிய காலத்தில் கிடைக்கிறதா? இதுவே நமது கேள்வி.

உணவுக்குழாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள இக்குழாயின் உட்படலத்தில்தான் புற்று முதலில் முளைக்கிறது. அப்போதே கண்டுவிட்டால் மார்பைத் திறக்க வேண்டியதில்லை. எண்டோஸ்கோப்பிக் கருவியை வாய்வழியே செலுத்தி அயோடின் கரைசலைத் தெளிக்கிறார்கள். நல்ல படலம் பழுப்பேறும். நோயுற்ற இடம் வெளிறி நிற்கும். அதனடியில் ஊசியால் திரவம் ஏற்றி மேலெழுப்பி, மின்கத்தியால் சுற்றி அறுத்து உரித்தெடுக்கிறார்கள். ஜப்பானிய டாக்டர்கள் வளர்த்தெடுத்த முறை இது. சில நாட்களில் வீடு திரும்பலாம்.

புற்று ஆழமாகப் பாய்ந்துவிட்டாலோ இது போதாது. பெரிய ஆபரேஷன், கதிர்வீச்சு, கடும் மருந்து என்று நீளும். கூலி நிற்கும்; கடன் ஏறும்.

முளைப் பருவத்தில் இந்நோய்க்குப் பெரும்பாலும் அறிகுறியே இல்லை. சோறு நெஞ்சில் அடைக்கும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். ஆகவே, நோயாளி வரட்டும் என்று ஆஸ்பத்திரி காத்திருப்பதில் பயனில்லை. சீனத்தில் ஹெனான் மாநிலத்து லின்சியான் போன்ற, இந்நோய் மிகுந்த வட்டாரங்களில், அறிகுறியில்லாத கிராம மக்களையே அழைத்து எண்டோஸ்கோப்பிச் சோதனை செய்கிறார்கள்.

இரவு ஷிப்டில் தூக்கத்தை விரட்டவும், களையெடுப்பில் பசியை மறக்கவும் நம்மவர் புகையிலையை அடக்குகிறார்கள். புகையிலை, பீடி, மது மூன்றும் இந்நோய்க்கு வழி திறப்பவை. விட்டுவிடுங்கள், தோழர்களே! ஆனால் உபதேசத்தோடு சர்க்காரின் கடமை தீர்ந்துவிடாது.

எல்லோருக்கும் இச்சோதனை வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. வாய்ப்புற்றுக்குச் சர்க்காரே சோதனைத் திட்டம் வைத்திருக்கிறது. வாயைக் கெடுத்த அதே நஞ்சு உணவுக்குழாயையும் கெடுக்கும். எனவே வாயிலோ தொண்டையிலோ புற்று கண்ட ஒவ்வொருவருக்கும் உணவுக்குழாய்ச் சோதனையும் உறுதி செய்யப்பட வேண்டும்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரிகளிலேயே அச்சோதனை தடையின்றி நடக்கட்டும். 2022-ல் திறந்த விருதுநகர் மருத்துவக் கல்லூரியிலும் மதுரையிலும் மேல்வைத்தியத்துக்கு வழி செய்யட்டும். மில் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. திட்டம் உண்டு, புற்றுநோய்க்கு நீண்டகால நோய் உதவித்தொகையும் அதில் உண்டு. விவசாயக் கூலிக்கு என்ன உண்டு? வைத்தியம் இலவசமென்றாலும் மதுரைக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. பஸ் கட்டணமும் இழந்த கூலியும் அவருக்குக் கிடைக்க வேண்டும்.

சோறு அடைத்தால் ஒரு வாரமும் தள்ளாதீர்கள், டாக்டரிடம் செல்லுங்கள். சங்கக் கூட்டங்களில் இக்கோரிக்கைகளை எழுப்புங்கள். உழைப்பவன் உயிர் காக்கும் வைத்தியம் சலுகை அல்ல, உரிமை!